ஜிசிசிக்கு மட்டும் புரிந்த நிரல்

"ஓடிக்கிட்டுதானே இருக்கு? வேலில போற ஓணானை எதுக்கு எடுத்து மடியில விட்டுக்கறே?"

எங்கள் திட்டத்தின் பில்டில், அதாவது எழுதிய நிரலை ஓடக்கூடியதாகக் கட்டும் ஏற்பாட்டில், ஜிசிசி என்ற கம்பைலரோடு (சி நிரலை இயந்திர நிரலாக மாற்றும் கருவி) கிளாங் என்ற இன்னொரு கம்பைலரையும் சேர்க்கலாம் என்று நான் சொன்ன அன்று, அந்த பில்டைப் பல வருடங்களாகப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் கேட்டது இது. கோபமாகக் கேட்கவில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு பில்ட் உடைந்தால் எழுந்து உட்காருகிறவர் அவர். புதிதாக ஒன்றைச் சேர்ப்பதென்றால் இனி உடைவதற்கு இன்னொரு இடம் வருகிறது என்பது அவருக்குத் தெரியும். எனக்குத்தான் சரியான பதில் தெரியவில்லை. கிளாங்கின் பிழைச் செய்திகள் தெளிவாக இருக்கும், அதிலுள்ள சோதனைக் கருவிகள் நன்றாக இருக்கும் என்று ஏதேதோ சொன்னேன். எல்லாம் உண்மைதான். ஆனால் ஒருவருடைய பல வார உழைப்பைக் கேட்பதற்கு அது போதாது என்று சொல்லும்போதே எனக்குப் பட்டது. கடைசியில், "சரி, செய்து பார். ஜிசிசி பில்ட் மட்டும் ஒரு நாளும் உடையக் கூடாது" என்று விட்டுவிட்டார். அவர் கேட்ட கேள்வி மட்டும் என்னை விடவில்லை. வேலை முடிந்து சில மாதங்கள் ஆகிவிட்டன. இப்போது என்னிடம் ஒரு பதில் இருக்கிறது, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எங்களுடையது படங்களைப் படித்து, மாற்றி, எழுதித் தரும் ஒரு சி லைப்ரரி. எதை எப்படிக் கட்டுவது என்று சொல்லும் மேக்ஃபைல், கம்பைலருக்கு என்னென்ன தெரியும் என்று பார்க்க அதற்கு முன்னால் ஓடும் ஒரு கான்ஃபிகர் ஸ்கிரிப்ட், ஒரு டெஸ்ட் தொகுப்பு, அவ்வளவுதான். முதல் நாள் மாலைக்குள்ளேயே வேலை முடிந்துவிட்டதாக நினைத்தேன். மேக்ஃபைலில் கம்பைலர் பெயரை மாற்றினேன். இரண்டு கோப்புகளில் பில்ட் நின்றது. இரண்டிலும் ஒரு ஃபங்ஷனுக்குள்ளேயே இன்னொரு ஃபங்ஷனை எழுதியிருந்தார்கள். சி மொழியில் அதற்கு இடமில்லை. ஜிசிசி தன் சொந்த நீட்சியாக அனுமதிக்கிறது, கிளாங் ஏற்பதில்லை. உள்ளே இருந்ததை வெளியே எடுத்து எழுதியதும் பில்ட் கடைசிவரை போய் முடிந்தது. ஆனால் திரை முழுக்க வார்னிங்குகள். அத்தனையும் ஒரே செய்தி: இந்த வார்னிங் ஃபிளாக் எனக்குத் தெரியாது. (எந்தெந்த விஷயத்துக்கு எச்சரிக்க வேண்டும் என்று கம்பைலருக்குச் சொல்லும் கட்டளைச் சொல்தான் வார்னிங் ஃபிளாக்.)

இதில் ஏதோ சரியில்லை என்று தோன்றியது. எந்த ஃபிளாக் செல்லும், எது செல்லாது என்று கண்டுபிடிப்பதற்காகவே எங்கள் கான்ஃபிகர் ஸ்கிரிப்டில் ஒரு சோதனை இருக்கிறது. ஒரு வெற்று சி கோப்பை எடுத்து, அந்த ஃபிளாக்கைப் போட்டு கம்பைல் செய்து பார்க்கும். கம்பைலர் தோல்வி என்று திரும்பினால் ஃபிளாக்கை விட்டுவிடும், வெற்றி என்றால் சேர்த்துக்கொள்ளும். ஜிசிசி தெரியாத வார்னிங் ஃபிளாக்கைப் பார்த்தால் எரர் கொடுத்து நின்றுவிடும், அதனால் சோதனை சரியாக நடந்தது. கிளாங் "தெரியாது" என்று வார்னிங் மட்டும் கொடுத்துவிட்டு வெற்றி என்றே திரும்புகிறது. ஆக, எந்தக் குப்பையைக் கொடுத்தாலும் எங்கள் ஸ்கிரிப்ட் "இது செல்லும்" என்று எழுதிக்கொண்டது. சோதனை செய்யும்போது மட்டும் வார்னிங்கை எல்லாம் எரராக மாற்றும் ஃபிளாக்கையும் சேர்த்துக் கொடுத்தால் இது சரியாகிவிடும். ஒரு வரி மாற்றம்.

அந்த ஒரு வரியை எழுதிக்கொண்டிருந்தபோதுதான் ஜிசிசி பக்கம் இருந்த ஓட்டையும் கண்ணில் பட்டது. ஒரு வார்னிங்கை வேண்டாம் என்று சொல்லும் ஃபிளாக்குகள் இருக்கின்றன அல்லவா, அந்த "நோ" வகை? அவற்றில் தெரியாத பெயர் வந்தால் ஜிசிசி வாயே திறக்காது. அந்தக் கோப்பில் வேறு ஏதாவது வார்னிங்கோ எரரோ வந்தால் மட்டும், கூடவே இதையும் சொல்லும். வெற்றுக் கோப்பில் வேறு எதுவும் வராது. எங்கள் பட்டியலில் ஒரு "நோ" ஃபிளாக்கின் பெயரில் ஒரு எழுத்து விட்டுப்போயிருந்தது. எப்போதிலிருந்து என்று பார்த்தேன், அதைச் சேர்த்த நாளிலிருந்தே. அது ஒரு நாள்கூட வேலை செய்ததில்லை. இப்போது "நோ" வகைக்கு அதன் நேர் வடிவத்தைக் கொடுத்துச் சோதிக்கிறோம், அதில் ஜிசிசி உடனே பிடித்துவிடுகிறது. கிளாங்குக்காக எழுதப்போன திருத்தம் முதலில் திருத்தியது ஜிசிசி பில்டைத்தான். அப்போது அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

4.2.1 என்று சொல்லிக்கொள்ளும் கம்பைலர்

அடுத்த சிக்கலில் எந்த எரரும் வரவில்லை, வார்னிங்கும் வரவில்லை. டெஸ்டுகள் ஓடின. ஆனால் பல த்ரெட் (ஒரே நிரலுக்குள் ஒரே நேரத்தில் ஓடும் இழைகள்) ஓடும் டெஸ்டுகள் கிளாங் பில்டில் கண்கூடாக மெதுவாக இருந்தன. "கிளாங் கொஞ்சம் மந்தம் போல" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அப்படி நினைத்துக்கொண்டு ஒரு நாள் இருந்தும்விட்டேன். மனசு கேட்காமல் ஹெடர் கோப்பை (மற்ற கோப்புகள் எல்லாம் பகிர்ந்துகொள்ளும் அறிவிப்புகள் இருக்கும் கோப்பு) திறந்து பார்த்தபோது விஷயம் புரிந்தது. அணு எண்ணிகளுக்கு, அதாவது பல த்ரெட் ஒரே நேரத்தில் கூட்டினாலும் கணக்கு தவறாத எண்ணிகளுக்கு, இரண்டு வழிகள் எழுதியிருந்தோம். ஜிசிசி பதிப்பு 4.7 அல்லது அதற்கு மேல் என்றால் கம்பைலரே தரும் அணுச் செயல்கள், அதற்குக் கீழே என்றால் பூட்டு போட்டுத் திறக்கும் பழைய வழி. கிளாங்கிடம் "நீ எந்த ஜிசிசி?" என்று கேட்டால் அது என்ன சொல்லும்? 4.2.1.

இது கிளாங்கில் உள்ள பிழை இல்லை, வேண்டுமென்றே செய்தது. ஜிசிசி 1987இல் வந்தது. அதற்குப் பிறகு இருபது வருடங்களில் எழுதப்பட்ட எத்தனையோ நிரல்கள் "நீ ஜிசிசியா?" என்று ஒரு மேக்ரோவை, அதாவது கம்பைலர் தன்னை அடையாளம் காட்ட வைத்திருக்கும் ஒரு பெயரை, பார்த்துவிட்டுத்தான் மேலே போகும். இல்லை என்றால் சிலது சுற்றுவழியில் போகும், சிலது நின்றேவிடும். ஆப்பிள் 2007இல் கிளாங்கைத் திறந்த மூலமாக வெளியிட்டது. அதே வருடம் வந்த ஜிசிசி 4.2.1தான் ஜிபிஎல் இரண்டாம் பதிப்பு உரிமத்தில் வெளியான கடைசி ஜிசிசி. ஃப்ரீபிஎஸ்டி போன்ற இயங்குதளங்கள் அதற்கு அடுத்த உரிமத்தை ஏற்காமல் அந்தப் பதிப்போடு நின்றுவிட்டன. பிறகு 2014இல் வந்த ஃப்ரீபிஎஸ்டி 10 கிளாங்கையே இயல்பான கம்பைலராக எடுத்துக்கொண்டது. ஆகவே கிளாங் தன்னை 4.2.1 என்று அறிவித்துக்கொண்டதில் நியாயம் இருக்கிறது. அந்த எண்ணைச் சொன்னதால்தான் பழைய நிரல்களெல்லாம் அதை உள்ளே விட்டன. இன்றைய கிளாங் எவ்வளவோ வளர்ந்துவிட்டது, அந்த எண் மட்டும் அப்படியே இருக்கிறது. அணுச் செயல்களெல்லாம் அதனிடம் இருக்கின்றன. எங்கள் ஹெடர் அதைக் கேட்கவே இல்லை. வயதைக் கேட்டது, அது சொன்ன வயதை நம்பி, பழைய பாதையில் அனுப்பிவிட்டது.

பெயரை நம்பினாலும் இதே கதைதான். ஆப்பிள் கணினியில் ஜிசிசி என்ற கட்டளையைத் தட்டினால் ஓடுவது கிளாங். சிமேக் என்ற பில்ட் கருவியைப் பயன்படுத்துகிறவர்களுக்கு இன்னொரு அனுபவம் இருக்கும். 2014இல் வந்த சிமேக் 3.0 முதல் ஆப்பிளின் கிளாங்குக்கு ஆப்பிள்கிளாங் என்று தனிப் பெயர். "பெயர் கிளாங் என்பதற்குச் சமமா?" என்று அச்சாகக் கேட்டு எழுதியவர்களின் நிபந்தனைகள் அங்கே பொய்யாகிவிடும். இன்டெலின் பழைய சி கம்பைலரும், ஜிசிசியை அடையாளம் காட்டும் அதே ஜிஎன்யுசி மேக்ரோவை வைத்துக்கொண்டுதான் வந்தது.

எங்கள் மேக்ஃபைலிலும் ஹெடர்களிலும் கம்பைலர் பெயரையோ பதிப்பையோ கேட்கும் இடங்களை எண்ணினேன், நாற்பதுக்கு மேல் இருந்தன. முதலில் நான் செய்தது ஒவ்வொன்றிலும் "அல்லது கிளாங் என்றால்" என்று ஒரு கிளை சேர்ப்பது. பாதி முடித்தபோது கை சலித்துவிட்டது. நாளைக்கு மூன்றாவது கம்பைலர் வந்தால் இதே நாற்பது இடங்களையும் இன்னொருவர் தொட வேண்டும். எழுதியதையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு வேறு மாதிரி தொடங்கினேன். பெயரைக் கேட்காதே, வேலையைக் கொடுத்துப் பார். அணுச் செயல் வேண்டுமா, பத்து வரியில் ஒரு நிரல் எழுதி, கம்பைல் செய்து, லிங்க் செய்து (துண்டுகளை ஒரே நிரலாக இணைத்து) பார், நடந்தால் இருக்கிறது. கான்ஃபிகர் ஸ்கிரிப்டுகளை உருவாக்கித் தரும் ஆட்டோகான்ஃப் என்ற கருவி 1991இல் எழுதப்பட்ட காலத்திலிருந்து இந்த வழியில்தான் போகிறது, நான் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. ஹெடருக்குள்ளேயே கேட்க வேண்டிய சின்னச் சின்ன விஷயங்களுக்கு, "இந்தப் பண்பு உன்னிடம் இருக்கிறதா?" என்று கேட்கும் வசதியைக் கிளாங் கொண்டுவந்தது. ஜிசிசியும் அதை 2015இல் ஐந்தாம் பதிப்பில் சேர்த்துக்கொண்டது. உள்ளமைந்த ஃபங்ஷன்களுக்கான அதே கேள்வி ஜிசிசி 10இல், 2020இல் வந்தது. நாற்பது இடங்கள் ஒன்பதாகக் குறைந்தன. அந்த ஒன்பதும் குறிப்பிட்ட ஒரு கம்பைலரின் பிழையைச் சுற்றிப் போவதற்காக எழுதியவை. அங்கே பெயரைக் கேட்பதுதான் சரி.

படம் படுத்துக்கொண்ட நாள்

மேலே சொன்னதெல்லாம் பில்ட் வேலை, நேரம் எடுக்கும், அவ்வளவுதான். என் எண்ணத்தைப் புரட்டிப் போட்டது ஒரே ஒரு டெஸ்ட். 640 அகலமும் 480 உயரமும் உள்ள ஒரு படத்தைப் படித்துவிட்டு அளவைச் சரிபார்க்கும். ஜிசிசி பில்டில் பாஸ். கிளாங் பில்டில் 480 அகலம், 640 உயரம் என்று வந்தது. மற்ற டெஸ்டுகளிலெல்லாம் சதுரப் படங்கள், அதனால் அவற்றில் எதுவும் தெரியவில்லை.

வெட்கத்தோடு அல்ல, நடந்ததைச் சொல்ல வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்: முதல் இரண்டு நாள் நான் கிளாங்கைத்தான் சந்தேகப்பட்டேன். ஆப்டிமைசேஷனை, அதாவது நிரலை வேகமாக்கக் கம்பைலர் செய்யும் மாற்றங்களை, முழுதாக நிறுத்திப் பார்த்தேன், அதே விடை. பழைய கிளாங் பதிப்பைப் போட்டுப் பார்த்தேன், அதே விடை. பிறகு கோப்பிலிருந்து எண்ணைப் படிக்கும் ஃபங்ஷனுக்குள் ஒரு பிரிண்ட் வைத்தேன். இரண்டு பில்டிலும் முதலில் 640, அடுத்து 480 என்றே அச்சானது. படிப்பதில் வித்தியாசமே இல்லை. படித்தது போய்ச் சேரும் இடம்தான் மாறுகிறது. அந்த அழைப்பு இப்படி இருந்தது (பெயர்களைத் தமிழில் தருகிறேன்):

பரப்பு_உருவாக்கு(எண்_படி(கோப்பு), எண்_படி(கோப்பு));

பார்க்க எவ்வளவு சாதுவாக இருக்கிறது. இரண்டு ஆர்க்யுமென்ட், இரண்டுமே அதே கோப்பிலிருந்து அடுத்த எண்ணைப் படிக்கின்றன. இதில் எது முதலில் படிக்கும்? இடது பக்கம் என்று கண் சொல்கிறது. சி மொழியின் ஸ்டாண்டர்ட் எதுவும் சொல்வதில்லை. எந்த வரிசையில் வேண்டுமானாலும் செய்துகொள் என்று கம்பைலருக்கே விட்டிருக்கிறது. கிளாங் இடமிருந்து வலமாகப் போகிறது. எங்கள் இயந்திரத்தில் ஜிசிசி வலப்பக்க ஆர்க்யுமென்ட்டை முதலில் கணக்கிட்டது. இரண்டுமே விதிப்படிதான் நடக்கின்றன. இதற்கு இரண்டு கம்பைலரும் ஒரு வார்னிங்கூடக் கொடுக்கவில்லை.

சரி, ஜிசிசி வலமிருந்து படிக்கிறது என்றால் இத்தனை வருடமும் படம் எப்படி நேராக வந்தது? ஃபங்ஷனின் அறிவிப்பைப் பார்த்தேன். பரப்பு_உருவாக்கு(உயரம், அகலம்). எங்கள் லைப்ரரியில் மற்ற எல்லா ஃபங்ஷனிலும் அகலம் முதலில், உயரம் அடுத்து. இது ஒன்றில் மட்டும் தலைகீழ். வரலாற்றைத் தோண்டினேன். பதினோரு வருடத்துக்கு முந்தைய ஒரு கமிட் (குறிப்போடு பதிவு செய்த மாற்றம்), இரண்டே வரி. முதலில் இங்கேயும் அகலம், உயரம் என்றுதான் இருந்திருக்கிறது. கமிட்டில் எழுதியிருந்த குறிப்பு: "அளவு மாறி வந்தது, வரிசையை மாற்றினேன், இப்போது சரி."

எழுதியவர் அண்ணன்.

அவரிடம் எப்படிச் சொல்வது என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். பிறகு எதுவும் விளக்காமல் இரண்டு பில்டின் விடைகளையும், அந்த ஒரு வரியையும், அந்தக் கமிட்டையும் அனுப்பி வைத்தேன். அரை மணி நேரம் கழித்து அவரே கூப்பிட்டார்.

"அன்னிக்கு ராத்திரி எனக்கு ஞாபகம் இருக்கு. ஏன் மாறுதுன்னு தேடவே இல்லை. மாத்திப் போட்டேன், சரியா வந்துச்சு, படுத்துட்டேன்."

"யாரா இருந்தாலும் அப்படித்தாண்ணா செய்திருப்பாங்க."

"அது சரி. ஆனா இது ஜிசிசி பக்கம் அதிர்ஷ்டம்ப்பா. அடுத்த பதிப்புல அவங்க வரிசையை மாத்தினா கேக்க முடியுமா? இந்த மாதிரி இன்னும் எத்தனை இருக்கு, தேடு."

திருத்தம் மூன்று வரிதான். முதலில் அகலத்தைப் படித்து ஒரு மாறியில் வை, அடுத்து உயரத்தைப் படித்து இன்னொன்றில் வை, பிறகு கூப்பிடு. அறிவிப்பையும் மற்ற ஃபங்ஷன்களைப் போலவே நேராக்கினோம். அவர் சொன்னபடி தேடியதில் இதே வடிவத்தில் இன்னும் மூன்று இடங்கள் கிடைத்தன. இரண்டு பாதிப்பில்லாதவை. மூன்றாவது, அபூர்வமாக வரும் ஒரு வண்ண அட்டவணையைப் படிக்கும் இடம். அதற்கு டெஸ்டே கிடையாது.

நாங்கள் எழுதி வைத்திருந்தது சி நிரல் என்றுதான் அதுவரை நம்பிக்கொண்டிருந்தோம். அது ஜிசிசியின் பழக்கவழக்கங்களுக்கு ஏற்ப வளைந்து வளைந்து பதினைந்து வருடத்தில் உருவான ஒன்று. ஒரே கம்பைலர் இருக்கும்வரை, மொழி சொல்வது எது, கம்பைலர் தற்செயலாகச் செய்வது எது என்று பிரித்துப் பார்க்க வழியே இல்லை. இரண்டாவது வந்து வேறு விடை சொன்ன பிறகுதான் அங்கே ஒரு கேள்வி இருந்ததே தெரிகிறது.

யார் மாற வேண்டும்

இந்த விஷயத்தில் நான் அடிக்கடி நினைத்துக்கொள்வது லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலை. அதைக் கிளாங்கில் கம்பைல் செய்யும் முயற்சி பல வருடங்கள் நடந்தது. ஸ்ட்ரக்ட்டுக்கு (பல மாறிகளைச் சேர்த்த தொகுப்பு) நடுவே, ஓடும்போதுதான் அளவு தெரியும் அரே (வரிசைப் பட்டியல்) வைப்பது ஜிசிசியின் நீட்சி, கிளாங் அதை ஆதரிக்க மறுத்தது. கெர்னல் பக்கம்தான் ஒவ்வொன்றாகத் திருத்தினார்கள். அசெம்பிளியிலிருந்து சி நிரலின் வேறொரு இடத்துக்குத் தாவும் அசெம் கோட்டூ விஷயத்தில் நேர் எதிர். கெர்னலுக்கு அது உண்மையிலேயே தேவைப்பட்டது, கடைசியில் கிளாங்தான் இறங்கி வந்து 2019இல் ஒன்பதாம் பதிப்பில் சேர்த்தது. கூகுள் 2017இல் விற்ற பிக்சல் 2 போன்களில் இருந்த கெர்னல் ஏற்கெனவே கிளாங்கில் கம்பைல் ஆனது. ஆக இரண்டு பக்கமும் மாறியிருக்கிறார்கள். எங்களைப் போன்ற சின்னத் திட்டத்துக்காகக் கிளாங் மாறப்போவதில்லை, ஆனாலும் அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள்வது நல்லது என்று நினைக்கிறேன். ஒரு நீட்சி நமக்கு உண்மையிலேயே வேண்டுமா, இல்லை, கம்பைலர் அனுமதித்தது என்பதால் எழுதினோமா? ஃபங்ஷனுக்குள் ஃபங்ஷன் எங்களுக்கு வேண்டியதே இல்லை. ஒரு மாறி வெளியே போகும்போது தானாகத் துடைக்கும் கிளீனப் பண்பு வேண்டும்; அது ஸ்டாண்டர்டில் இல்லை, ஆனால் இரண்டிலும் இருக்கிறது, வைத்துக்கொண்டோம்.

கெர்னலிடமிருந்து எடுத்துக்கொண்ட இன்னொன்று உண்டு. கிளாங் சேர்ந்திருக்கும் கருவிக் குடும்பத்தின் பெயர் எல்எல்விஎம். கெர்னலில் எல்எல்விஎம்=1 என்று ஒன்று கொடுத்தால் கம்பைலரோடு சேர்ந்து, துண்டுகளை இணைக்கும் லிங்கர், அவற்றை ஒரு லைப்ரரிக் கோப்பாகக் கட்டும் ஏஆர், உள்ளே உள்ள பெயர்களைக் காட்டும் என்எம் என்று குடும்பமே மாறிவிடும். அது ஏன் தேவை என்பது லிங்க் நேர ஆப்டிமைசேஷனை (துண்டுகளை இணைக்கும்போது மொத்த நிரலையும் பார்த்து வேகமாக்குவது) போட்டபோது புரிந்தது. அப்போது கிளாங் எழுதும் ஆப்ஜெக்ட் கோப்பில் இருப்பது இயந்திர நிரல் அல்ல, எல்எல்விஎம்மின் இடைநிலை வடிவம். எங்கள் மேக்ஃபைலில் ஏஆர் என்று நேரடியாக எழுதியிருந்தோம். அந்த ஏஆருக்கு இந்த வடிவம் படிக்கத் தெரியாததால், லைப்ரரிக்கு உள்ளே என்னென்ன ஃபங்ஷன் இருக்கிறது என்ற பட்டியல் இல்லாமலே கட்டிக் கொடுத்துவிட்டது. லிங்கர் "அப்படி ஒரு ஃபங்ஷனே இல்லை" என்று நூற்றுக்கணக்கில் சொன்னது. எல்எல்விஎம்முக்குச் சொந்தமான ஏஆரைக் கொடுத்ததும் சரியானது. ஜிசிசிக்கும் இதே போலத் தனி ஏஆர் இருக்கிறது. கம்பைலரைத் தேர்ந்தெடுக்கும் இடத்திலேயே இவற்றையும் தேர்ந்தெடுக்கும்படி ஸ்கிரிப்டை மாற்றினேன்.

கடைசியாக ஒரு சண்டை, அண்ணனுக்கும் எனக்கும். வார்னிங்கையெல்லாம் எரராக்கும் ஃபிளாக் எங்கள் பில்டில் எப்போதும் போட்டிருக்கும். அது அவர் வைத்த ஒழுங்கு, அதனால்தான் நிரல் சுத்தமாக இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எங்கள் வெளியீட்டை எடுத்து, நாங்கள் பார்த்தே இராத கம்பைலர் பதிப்பில் கட்டும் ஒருவருக்கு, ஒரு புது வார்னிங்கால் பில்டே நிற்பது அநியாயம். இரண்டு கம்பைலர் என்று வந்த பிறகு அந்த வாய்ப்பு இரட்டிப்பாகிறது. ஒரு வாரம் பேசினோம். எங்கள் சோதனை இயந்திரங்களில் மட்டும் அந்த ஃபிளாக் இருக்கும், வெளியீட்டில் இருக்காது என்று முடிந்தது. பதிலுக்கு அவர் கேட்டதும் நியாயமானதே: கிளாங் பில்ட் வாரத்துக்கு ஒரு முறை ஓடினால் போதாது, ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஓட வேண்டும், அதில் டெஸ்ட் தவறினால் மாற்றம் உள்ளே வரக் கூடாது. சோதனை நேரம் ஏறக்குறைய இரண்டு மடங்காகிறதே என்று இழுத்தேன். "அப்படி ஓட்ட முடியலைன்னா ஆதரிக்கிறோம்னு எழுதாதே" என்றார். அந்த இடத்தில் அவர் சொன்னதுதான் சரி.

வெளியீட்டுக்கு முந்தைய நாள், நிறுவும் குறிப்பில் பல வருடங்களாக இருந்த "ஜிசிசி தேவை" என்ற வரியைத் திருத்த உட்கார்ந்தோம். "ஸ்டாண்டர்ட் சி11 கம்பைலர் ஏதாவது ஒன்று போதும்" என்று எழுதினேன். எனக்கு அது பிடித்திருந்தது. அண்ணன் அதைப் படித்துவிட்டு, "ஏதாவது ஒண்ணா? நாம பார்த்தது ரெண்டுதானே?" என்றார். அழித்துவிட்டு அவரே தட்டினார்: "ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஜிசிசி, கிளாங் இரண்டிலும் டெஸ்ட் ஓடுகிறது. வேறு கம்பைலரில் கட்டினால் டெஸ்டை ஓட்டிப் பார்த்துவிட்டு எங்களுக்கும் சொல்லுங்கள்."